குதிரை முகாமுக்குப் பிள்ளையை முதன்முதலாக அனுப்பும் பெற்றோருக்கு

ஏப்ரல் பாதியைத் தாண்டிவிட்டால் எனக்கு வரும் ஃபோன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான். "பிள்ளையைக் குதிரை முகாமுக்கு அனுப்பலாம்னு இருக்கோம். பயம் ஒண்ணும் இல்லையே? என்னென்ன வாங்கணும்?" என் மகள் முதல் முகாமுக்குப் போனபோது அவளுக்கு 9 வயது. இப்போது 14. பிற்பாடு ஒரு வருடம் அவளைக் கொண்டுபோய் விடப் போன இடத்தில் சமையலுக்கு ஆள் போதவில்லை என்று நானும் கைகொடுக்க ஆரம்பித்தேன். மலையில் நடக்கும் அந்த முகாமில் ஒவ்வொரு மே மாதமும் பத்து நாள் தங்கிவிடுகிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை ஒரு சுற்று அழைத்துப் போவாரே, அது சவாரி. பிள்ளை உட்கார்ந்திருந்தால் போதும். முகாமில் குதிரை மேல் இருக்கும் நேரம் ஒரு நாளைக்கு முக்கால் மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி. மீதி நேரம் முழுவதும் தரையில்தான். குதிரையைத் தேய்த்துவிடுவது, குளம்பில் ஒட்டிய சாணியையும் கல்லையும் எடுப்பது, தண்ணீர் தூக்குவது, கூடாரம் அடிப்பது, விறகு பொறுக்குவது. பிள்ளை உண்மையில் கற்றுக்கொண்டு வருவது இந்தத் தரை வேலையில்தான். ஒரு முகாம் நல்லதா இல்லையா என்பதையும் இதை வைத்தே சொல்லிவிடலாம்.

எங்களுக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முதல் வருடம் விளம்பரத்தைப் பார்த்து வேறொரு முகாமில் சேர்த்தோம். போய் இறங்கிய அன்று சாயங்காலமே எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகக் குதிரை மேல் ஏற்றிப் படம் எடுத்து அனுப்பினார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். அந்தக் குதிரை எப்போது நகரும், எதற்குத் தலையை ஆட்டுகிறது என்று ஒன்றுமே தெரியாமல் மேலே உட்கார்ந்திருந்த பிள்ளை பயந்து போயிருக்கிறாள். மூன்றாம் நாள் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த வருடம் போன முகாமில் முதல் ஒன்றரை நாள் யாரையும் ஏற்றவே இல்லை. பிரஷ்ஷைக் கையில் கொடுத்து லாயத்தில் விட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அவளாகவே போய், "எப்ப ஏத்துவீங்க?" என்று கேட்டாளாம்.

முகாமைத் தேர்ந்தெடுக்க: லாயத்தைப் போய்ப் பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்விடுங்கள். அலுவலக அறையில் உட்கார வைத்துப் படம் காட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் லாயத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

லாயத்தில் தண்ணீர்த் தொட்டியை முதலில் பாருங்கள். ஒரு குதிரை சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேல். தொட்டி காய்ந்து கிடந்தாலோ பாசி பிடித்திருந்தாலோ அங்கே மற்றதும் அப்படித்தான் இருக்கும். அடுத்து குதிரையின் முதுகும் வயிற்று வார் படும் இடமும். அங்கே புண்ணோ, முடி உதிர்ந்த தழும்போ இருந்தால், புண்ணின் மேலேயே சேணம் போட்டு ஓட்டுகிறார்கள் என்று பொருள். வலியில் இருக்கும் குதிரைதான் கடிக்கும், உதைக்கும். விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரியக்கூடாது. குளம்பு ஓரம் பிளந்திருக்கக்கூடாது.

பயிற்சி தரும் மாஸ்டர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். பிள்ளையின் எடை, உயரம், வலிப்பு, ஆஸ்துமா, முன்பு விழுந்து பயந்த அனுபவம் உண்டா, இதெல்லாம் கேட்காமல் தேதியையும் கட்டணத்தையும் மட்டும் சொல்பவரிடம் நான் விடமாட்டேன். சேணத்தோடு சேர்த்து குதிரையின் எடையில் 5-ல் 1 பங்குக்கு மேல் சுமை ஏறக்கூடாது என்பது பொதுவான கணக்கு. சிறு பிள்ளைகளுக்கு மட்டக்குதிரை போதும். குதிரையின் உயரத்தைக் கைக்கணக்கில் சொல்வார்கள், ஒரு கை என்பது 4 அங்குலம். அதுவும் தலை வரைக்கும் அளப்பதில்லை, தோள் மேட்டு வரைக்கும்தான். 14.2 கைக்குள் இருந்தால் அது மட்டக்குதிரை. அதாவது 14 கையும் 2 அங்குலமும்.

கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் இன்னும் சில உண்டு. ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள்? புதிதாக ஏறும் பிள்ளைக்குக் கயிறு பிடிக்க ஓர் ஆள் கூடவே வருவாரா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரியில் வண்டி தயாராக நிற்குமா? பெண் பிள்ளைகள் கூடாரத்தின் பக்கத்தில் பெண் பொறுப்பாளர் படுப்பாரா? குதிரைகளுக்குக் கால்நடை டாக்டர் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்? கிளாண்டர்ஸ் என்று குதிரைக்கு வரும் ஒரு நோய் மனிதருக்கும் தொற்றும், அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டவுடன் சான்றிதழை எடுத்துக் காட்டும் இடம் பொறுப்பான இடம்.

காட்டுக்குள் நடை அழைத்துப் போவதாகச் சொன்னால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் மலைகளில் கோடையில் புல் பஞ்சு மாதிரி காய்ந்திருக்கும். அனுமதியைக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் அந்த முகாமே வேண்டாம்.

சமவெளியில் சேர்ப்பதாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். கத்திரி வெயிலில் காலை 6 மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் சவாரி முடிந்துவிட வேண்டும். ஆரோவில்லில் உள்ள ரெட் எர்த் மாதிரி சவாரிப் பள்ளிகள் வருடம் முழுவதும் நடக்கின்றன, பெங்களூர் பக்கமும் இருக்கின்றன. வெளிவாழ்க்கைப் பழக்கமும் சேர்த்து வேண்டும் என்றால் மலைப் பக்க முகாம்கள் வசதி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டது, கிளம்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலையும் கொண்டுபோகாதீர்கள், செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். பிள்ளைக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் வாங்கிக் கொடுங்கள்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

ஹெல்மெட்டிலும் பூட்ஸிலும் மட்டும் சமரசம் வேண்டாம். மற்றது எல்லாம் வீட்டில் இருப்பதே போதும்.

ஹெல்மெட் என்றால் குதிரைச் சவாரிக்கென்றே செய்தது. சைக்கிள் ஹெல்மெட்டும் பைக் ஹெல்மெட்டும் வேறு விதமான அடிக்குச் செய்தவை. பெரும்பாலும் முகாமிலேயே தருவார்கள். தந்தால் தலையில் மாட்டி, தாடை வாரைப் போடாமலே பிள்ளையைக் குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள். கழன்று விழுந்தால் அளவு பெரிது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் கடை இடம் விட்டு நேராக உட்கார வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும், அதை மறுபடி போடக்கூடாது.

காலுக்கு விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதைவிட, கணுக்கால் மூடிய, அடி வழுவழுப்பான, பின்பக்கம் ஒரு விரல் கனம் குதிகால் வைத்த சாதாரண பூட்ஸ் நல்லது. கால் வைக்கும் அங்கவடிக்குள் பாதம் முழுவதும் நுழைந்து போய்விடாமல் தடுப்பது அந்தக் குதிகால்தான். பாதம் உள்ளே மாட்டிய நிலையில் பிள்ளை விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். சவாரியில் மிகவும் பயப்பட வேண்டிய விபத்து அதுவே. ஒரு முழ நீளக் குதிகாலும் தேவையில்லை, ஒன்றிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் சரி.

உடுப்புக்கு உள்தொடையில் தடித்த தையல் இல்லாத லெகிங்ஸ் அல்லது டிராக் பேண்ட். ஜீன்ஸ் போட்டு அனுப்பினால் இரண்டாம் நாள் தொடை உரிந்துவிடும். முழங்கை மூடிய பருத்திச் சட்டை. தொங்கட்டான், கொலுசு, துப்பட்டா, கழுத்தில் கயிறு எதுவும் வேண்டாம். நீள முடியைத் தாழப் பின்னி விடுங்கள், உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. ஊட்டியில் மே மாதம்கூட ராத்திரியில் 12, 13 டிகிரி வரை இறங்கும், ஒரு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாயும் வையுங்கள். ரெயின்கோட், டார்ச், உதிரி பேட்டரி, தட்டு, டம்ளர், இரண்டு ஜோடி அதிகப்படி சாக்ஸ். வயதுக்கு வரப்போகும் பெண் பிள்ளையாக இருந்தால் நாப்கினும் வைத்து, பெண் பொறுப்பாளர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் முகாமில் அப்படி ஒரு பிள்ளை யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முழுக்கக் கூடாரத்துக்குள்ளேயே அழுதுகொண்டு இருந்தாள்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். லாயத்து மண்ணிலும் சாணியிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். அரசு அட்டவணைப்படி 5 வயதில் ஒரு பூஸ்டரும் 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசியும் உண்டு. விட்டுப்போயிருந்தால் முகாமுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் இரண்டு வாரம்

எந்த வயதில் அனுப்பலாம் என்று கேட்பார்கள். ராத்தங்கல் முகாமுக்கு 8, 9 வயது ஆகட்டும் என்பேன். வயதைவிட முக்கியம், பிள்ளை தானாகக் குளிக்கிறதா, சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறதா, ராத்திரியில் எழுந்து பாத்ரூம் போய் வருகிறதா என்பது. இதையெல்லாம் இரண்டு வாரம் பழக்குங்கள். இரண்டு நாள் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுக்க வையுங்கள். ஃபோன் இல்லாமல் ஒரு முழு நாள் இருக்கட்டும்.

"அழுதா உடனே வந்து கூட்டிட்டு வந்துடுவேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு ராத்திரி பெரும்பாலான பிள்ளைகள் அழும். மூன்றாம் நாள் தனக்கென்று ஒரு குதிரை ஒதுக்கினதும் அந்த அழுகை எங்கே போகும் என்றே தெரியாது. வாக்குக் கிடைத்த பிள்ளை மட்டும் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

குதிரையிடம் முதல் நாள்

இதைப் பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். தெரியாதது இரண்டு இடம்: நேர் பின்புறம், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம். அதனால் பின்னால் இருந்து போகக்கூடாது, நேர் முன்னால் போய் முகத்தில் கை நீட்டவும் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இடது தோள் பக்கமாகச் சாய்வாக நடந்து போக வேண்டும். போனதும் முகத்தைத் தொடாமல் தோளைத் தடவ வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் முதலில் மூக்கைத்தான் தொடப் பார்க்கும்.

காதைப் பார்க்கச் சொல்லுங்கள். காது முன்னால் விறைத்திருந்தால் எதையோ கவனிக்கிறது. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக அசைந்தால் நாம் பேசுவதைக் கேட்கிறது. இரண்டும் பிடரியோடு ஒட்டிப் படுத்துவிட்டால் கோபம், இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். பின்னங்கால் ஒன்றை மடக்கி நுனி ஊன்றி நின்றால் ஓய்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

தேய்க்கும் வேலைக்கு மூன்று பிரஷ். ரப்பர் பிரஷ்ஷால் கழுத்திலும் உடம்பிலும் வட்டமாகத் தேய்த்தால் ஒட்டின மண்ணும் உதிர்ந்த முடியும் மேலே வரும். கடின மயிர் பிரஷ்ஷால் முடி போகும் திசையிலேயே தட்டித் தட்டி வெளியே தள்ள வேண்டும். மெல்லிய பிரஷ் முகத்துக்கும் காலுக்கும். சேணம் உட்காரும் இடத்தில் ஒரு சிறு கல் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் புண்ணாகிவிடும், அதனால் கடைசியில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள்.

குளம்பு சுத்தம் செய்வதை நான் முதலில் பார்த்தபோது மூச்சே நின்றுவிட்டது. 400 கிலோ எடையுள்ள மிருகத்தின் காலை 9 வயதுப் பிள்ளை தூக்குகிறாள். தோளோடு தோள் ஒட்டி, குதிரையின் வால் பக்கம் பார்த்து நிற்கிறாள். கையைத் தோளிலிருந்து காலின் பின்பக்கமாக மெதுவாக இறக்கிக்கொண்டே வருகிறாள். குளம்புக்கு மேலே நரம்பை லேசாக அழுத்தி, "தூக்கு" என்கிறாள். குதிரை தானாகவே காலை எடுத்து அவள் கையில் வைக்கிறது. அவள் அதைத் தூக்கவே இல்லை, குதிரைதான் கொடுத்தது. அப்புறம் குளம்பு ஊசியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனிப் பக்கமாக இழுத்து மண்ணை எடுக்க வேண்டும். நடுவில் வி எழுத்து மாதிரி மெத்தென்று ஒரு பகுதி இருக்கும், அதைக் குத்தக்கூடாது. லாடத்தின் ஆணி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காலை மெல்லத் தரையில் விட வேண்டும். தொப்பென்று போடக்கூடாது. தரையில் உட்கார்ந்தோ மண்டியிட்டோ இந்த வேலையைச் செய்யவே கூடாது, குனிந்தோ குந்தியோ இருந்தால்தான் சட்டென்று விலக முடியும்.

கயிறு பற்றி இரண்டு விதி. குதிரையை நடத்தும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். கட்டும்போது கயிற்றின் நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சுத்தான் போட வேண்டும், அதையும் வளையத்தில் நேராகக் கட்டாமல் வளையத்தில் மாட்டிய சணல் கயிற்றில் கட்ட வேண்டும். மிரண்டு இழுத்தால் சணல் அறுந்துவிடும், குதிரையின் கழுத்து தப்பிக்கும்.

பிஸ்கட், சாக்லேட் கொடுத்தனுப்பி, "குதிரைக்கும் கொடு" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் வயிற்று வலி வந்து செத்தும் போகும். தீனி, மாஸ்டர் சொன்ன நேரத்தில், சொன்ன அளவுதான். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம் ஊரில் பழமொழியே இருக்கிறது. அதை நேரில் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கட்டை விரலை முன்பற்களுக்குப் பின்னால் உள்ள பல் இல்லாத இடைவெளியில் வைத்தால் வாய் திறக்கும், கடிவாளத்தை அந்த இடைவெளியில்தான் உட்கார வைப்பார்கள்.

மேலே ஏறும்போது

சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுத்தால் முடி மடியாமல் படியும். வயிற்று வாரை ஒரேயடியாக இறுக்கக்கூடாது. சில குதிரைகள் அந்த நேரம் வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும், நாலடி நடத்திவிட்டு மறுபடி இழுத்தால் இரண்டு துளை உள்ளே போகும். ஏறுவதற்கு முன் வாரைச் சரிபார்க்க வேண்டும், இதைப் பிள்ளை தானாகவே கேட்கப் பழகட்டும்: "வார் பார்த்தாச்சா அண்ணா?"

அங்கவடியின் நீளத்துக்குக் கைதான் அளவு. விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடி தொங்கும் கொக்கியில் வைத்தால் அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். ஏறுவது இடது பக்கம். அந்தக் காலத்தில் வீரர்கள் இடுப்பின் இடது பக்கம் வாள் கட்டியிருந்ததால் வந்த வழக்கம் என்று சொல்வார்கள். கட்டை மேல் ஏறி நின்று, இடது கையில் கடிவாள வாரையும் கொஞ்சம் பிடரி மயிரையும் சேர்த்துப் பிடித்து, இடது காலை வைத்து எழும்பி, வலது காலைக் குதிரையின் முதுகில் உரசாமல் சுழற்றி, பூ மாதிரி உட்கார வேண்டும். தொம்மென்று உட்கார்ந்தால் வலி குதிரைக்கு.

உட்கார்ந்த பிறகு காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பாதத்தின் முன் பகுதி மட்டும் அங்கவடியில், குதிகால் கீழே இறங்கி இருக்க வேண்டும். பார்வை முன்னால். கீழே பார்த்தால் உடம்பு முன்னால் சாயும், பிடிப்பு போய்விடும். கடிவாள வாரை இறுகப் பிடிக்கக் கூடாது, கைக்குள் ஒரு கோழிக்குஞ்சு இருப்பது போல வைத்திருக்க வேண்டும். நாம் இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் அதன் வாயில் போய்ப் படுகிறது.

முதல் மூன்று நாளும் நீளக் கயிற்றில் வட்டமாகத்தான் சுற்ற விடுவார்கள். நடையில் நான்கு தாளம், மெல்லோட்டத்தில் இரண்டு தாளம். மெல்லோட்டத்தில் "எழு, உட்கார், எழு, உட்கார்" என்று தாளத்தோடு எழுந்து உட்காரப் பழகினால் அதுவே ஒரு வார முகாமுக்குப் பெரிய வெற்றி. ஒரு வாரத்தில் பாய்ந்து ஓட வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விழுவதும் நடக்கும். விழும்போது கடிவாள வாரை விட்டுவிட வேண்டும், கையை ஊன்றாமல் உருள வேண்டும். தலையில் அடிபட்டால் "ஒண்ணுமில்லை, ஏறு" என்று உடனே ஏற்றும் வழக்கம் தப்பு. தலைச்சுற்றல், வாந்தி, கேட்ட கேள்விக்குக் குழறிப் பேசுவது இருந்தால் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். முகாமில் இதற்கு என்ன வழக்கம் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கூடாரம், தீ, வானம்

கூடாரத்துக்கு இடம் தேடும்போது தரையைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேல் பார்க்க வேண்டும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி கூடாது. வறண்ட ஓடைக்குள் மணல் மெத்தென்று இருக்கும், அங்கேயும் கூடாது. மேலே எங்கேயோ கோடை மழை பெய்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும். முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்தால்தான் இழுவைக்குத் தாங்கும். இடி இடித்தால் குதிரையை விட்டு இறங்கி, மரத்தடியை விட்டு, கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும்.

தீ மூட்டுவது முகாமுக்குள் ஒதுக்கின இடத்தில் மட்டும்தான். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். சுற்றிலும் சருகைக் கூட்டித் தள்ளி, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் தீப்பெட்டி கைக்கு வரும். விரல் கனச் சுள்ளி, கைக் கனச் சுள்ளி, அப்புறம் விறகு. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

எங்கள் சமையல் கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் தானாகவே கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் வேகாது. "ஏன் ஆன்ட்டி இன்னும் கல்லு மாதிரி இருக்கு?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொண்டே இன்னும் கால் மணி நேரம் விறகு தள்ளுவோம்.

திசை பார்ப்பதைச் சொல்லித் தருகிறவர் நம் ஊர் வானத்தைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மத்தியான நிழல் வடக்கே விழும் என்று பொதுவாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மே மாதம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உச்சி வெயில் நம் தலைக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். ஒரு குச்சியை நட்டு வைத்துப் பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம். துருவ நட்சத்திரமும் நமக்கு ரொம்பத் தாழ்வு. கையை நீட்டி விரல்களை மூடி முட்டி பிடித்தால் அடிவானத்துக்கு மேலே ஒரு முட்டி உயரம்தான். எதிரே ஒரு குன்று இருந்தால் தெரியாது. சப்தரிஷி மண்டலத்தை வைத்து இடம் கண்டுபிடிக்கலாம். திரும்பி நின்றால் மே மாத முன்னிரவில் தெற்கே தென்சிலுவை நிற்கும். இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்க்கிற இடத்தில் நாம் இருக்கிறோம்.

வெளிக்குப் போக நேர்ந்தால் ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடிவிட வேண்டும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கக்கூடாது, காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அட்டை கடித்தால் பயமே வேண்டாம், நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுக் கழுவினால் சரி.

புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியிடம்தான் கவனம் தேவை. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் அதனால் வருகிறது, தமிழ்நாட்டில் அது சாதாரணமாகவே இருக்கிறது. முகாம் முடிந்து மூன்று வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலைக்குப் போய் வந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

கூட்டிவரும் நாள்

அரை மணி முன்னால் போங்கள். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளையை உங்களை லாயத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள், அதன் குதிரையைக் காட்டச் சொல்லுங்கள். மாஸ்டரிடமும் அங்கேயே பேசிவிடுங்கள்: பிள்ளைக்குத் தொடர்ந்து பழக ஆசை இருக்கிறதா, உங்கள் ஊர்ப் பக்கம் எங்கே அனுப்பலாம் என்று. கல்லூரிக்குப் போன பிறகு என்.சி.சி.யிலும் குதிரைப் பிரிவு உண்டு.

அந்த இரண்டாவது முகாமின் கடைசி நாள் நான் நேராக லாயத்துக்குள் நுழைந்துவிட்டேன். ஒரு சிவப்புக் குதிரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோல் தின்றது. மகள் எங்கிருந்தோ ஓடி வந்தாள், பக்கத்தில் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று கையை விரித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, சுற்றி அழைத்துப் போய், குதிரையின் இடது தோளில் என் கையை வைத்தாள்.

"பின்னாடி நிக்காதம்மா. இங்க வா. முதல்ல அதுகிட்ட பேசு."